மரத்துப்போன விரல்கள்

பஞ்சாபகேசனுக்கு முதலில் சுண்டுவிரல்தான் மரத்தது. பிறகு மோதிர விரலும்.

யுத்தம் முடிந்து ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் அவன் வாங்கியது ஒரு ரேஸ் சைக்கிள். ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். முதுகை வளைத்து, உடம்புப் பாரத்தையெல்லாம் உள்ளங்கைகளில் இறக்கித்தான் தினமும் மாட்டுங்காவிலிருந்து கோட்டைப் பகுதிக்கு ஆபீஸ் போனான்.

ஒரு காலை தாதரில் கைவண்டி ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்திவிட்டதாகவே நினைத்தான். சைக்கிள் நிற்காமல் போய் மோதியது. முழங்கால் சிராய்ப்போடு எழுந்து பிரேக்கைப் பிடித்துப் பார்த்தான். அது சரியாகத்தான் இருந்தது. தொட்டது விரல்களுக்குத்தான் தெரியவில்லை.

சாயங்காலம் காபி டம்ளரை எடுத்தபோது சுண்டுவிரலில் சூடே உறைக்கவில்லை. குஷ்டம் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று ஆபீஸில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது.

அதன்பின் அவன் குழந்தையைத் தூக்கவில்லை. தன் டம்ளரைத் தானே அலம்பித் தனியாக வைத்தான். பால்கனியில் படுத்தான்.

மனைவி விஜயலக்ஷ்மி சில நாள் பொறுத்தாள்.

"ஏன்னா, நான் என்ன தப்புப் பண்ணினேன்? குழந்தை கையை நீட்டறது, மூஞ்சியைத் திருப்பிண்டு போறேளே!"

"கிட்ட வராதே, விஜயம்." அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். "நேக்கு விரல் மரத்துப் போறது. அந்த வியாதியோன்னு பயமா இருக்கு."

அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். பிறகு தானே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர்ட்ட காட்டாம நீங்களா ஏன் முடிவு பண்றேள்? கிளம்புங்கோ."

டாக்டர் ஜஹாங்கீர் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஊசியால் அங்கங்கே குத்தினார். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம் காய்த்துப்போயிருந்த இடத்தை டாக்டர் அமுக்கினார். விரல் நுனிவரை சுரீரென்று இழுத்தது.

"சைக்கிள் ஓட்டுகிறாயா?" என்று இந்தியில் கேட்டார். ஹேண்டில்பாரை எப்படிப் பிடிப்பான் என்று மேஜை விளிம்பில் காட்டச் சொன்னார். "இந்த இடத்தில் நரம்பு நசுங்குகிறது. குஷ்டம் இல்லை. ஹேண்டில்பாரை மாற்று."

படியிறங்கும்போது விஜயலக்ஷ்மி பாதியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

நிமிர்ந்து ஓட்டும்படி, இரு முனைகளும் தன் பக்கம் வளைந்து வரும் ஹேண்டில்பாரை மாட்டிக்கொண்டான். கையை வைத்தாலே விரல்கள் பிரேக்கின்மேல் வந்து விழுந்தன. அன்று மாலையே குழந்தையைத் தூக்கினான். ஆனால் விரல்களில் முழு உணர்வு திரும்புவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. அதுவரை நெரிசலான இடங்களில் அவன் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனான்.