ஒருவரே தூக்கத்தக்க மீன்தொட்டி

1

மணிவேல் என்பவர் யாரைக் கண்டாலும் முதலில் "எத்தன நாளு?" என்று கேட்பார். பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு தங்கும் விடுதியில் அவர் நெடுங்கால மேலாளர். வருபவரின் பெயர், ஊர், அருணாசலேசுவரரிடம் அவருக்குள்ள வழக்கு ஆகியன எல்லாம் மணிவேலுக்குப் பிற்பட்டவை. அறை எப்போது காலியாகும் என்பதே அவருக்கு முதன்மை. அவருடைய இரண்டாவது பழக்கம், எப்பொருளை வாங்கினாலும் கடையிலேயே ஒருமுறை தூக்கிப் பார்ப்பது. ஒருவரால் தூக்கி வேறிடத்தில் வைக்க முடியாத பொருள் அவர் வீட்டுக்கு ஆகாது. மூன்றாவது பழக்கம், முடிவெடுக்க வேண்டிய வேளையில் செருப்பை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவது. நான் பக்கத்து வீட்டுக்காரன், ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஆசிரியர்க்கு எல்லாம் தெரியும் என்று இன்றும் நம்புகிறவர் எங்கள் பகுதியாகிய வேங்கிக்காலில் அவர் ஒருவரே. அந்நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கம் ஆண்டு மலர் ஒன்று வெளியிடுகிறது. "இந்த வாட்டி பயனுள்ளதா எதனா எழுதுங்க சார். போன வருஷம் மாதிரி வெண்பா வேணாம், யாரும் படிக்கல" என்று செயலாளர் அன்போடு கேட்டுக்கொண்டார். அச்சமயம் மணிவேல் மீன்தொட்டியைப் பற்றி என்னை நாள்தோறும் வினவிக்கொண்டிருந்தார். ஆகவே "சிறு தொட்டிகளில் சண்டை மீன் வளர்த்தல்" என்று தலைப்பிட்டேன். முதல் வாக்கியம் வருமாறு:

"சண்டை மீன், அமைதி நிறைந்த இல்லங்களுக்கு ஏற்ற ஓர்…" (கைவிடப்பட்டது. எடுத்துக்காட்டுக்கு அப்படி ஓர் இல்லம் தெருவில் அகப்படவில்லை.)

[மணிவேல் என்பது அவருடைய உண்மைப் பெயரன்று. அவரைத் தெருவில் காண நேரின் இக்கதையைப் பற்றிப் பேசாதிருப்பீராக.]

2

மணிவேலின் மகள் வினோதினி போளூரில் கணவன் வீட்டில் வாழ்ந்தவள். ஒருநாள் காலை ஒரு கையில் துணிப்பெட்டியோடும் மறு கையில் ஊறுகாய்ப் பாட்டிலோடும் தந்தையின் வாயிலில் வந்து நின்றாள். பாட்டிலில் ஊறுகாய் இல்லை. அரைப் பாட்டில் நீரும், நீண்ட துடுப்புகளை விரிக்க இடமின்றி ஒரு நீல நிறச் சண்டை மீனும் இருந்தன.

கதவைத் திறந்த மணிவேல், "எத்தன நாளு?" என்றார்.

அவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. கல்லாவில் அமர்ந்து பழகிய வாய் அது. ஆளைப் பார்க்குமுன் வினா வந்துவிடும். ஆயினும், கேட்டது கேட்டதே. வினோதினி பாட்டிலைப் பார்த்தபடி, "ரெண்டு நாளுப்பா" என்றாள்.

"யாருங்க?" என்றார் அடுக்களையிலிருந்து அவருடைய மனைவி உண்ணாமலை.

"வினோதினி. ரெண்டு நாளு இருப்பாளாம்."

அன்று பிற்பகல் அவள் தாயிடம் உள்ளதைச் சொன்னாள். "திரும்பிப் போறதா இல்லம்மா. அப்பா இருன்னா இங்க இருக்கேன். இல்லன்னா சென்னையில ஹாஸ்டல் பாத்துக்கறேன்." அவளுக்கு வேண்டியது 'இரு' என்னும் ஒரே சொல். உண்ணாமலை இதை ஒரு சொல்லும் குறையாமல் கணவரிடம் சேர்ப்பித்தார். மணிவேல் நெடுநேரம் சிந்தித்தார். பின்பு, "மொதல்ல மீனுக்கு ஒரு தொட்டி பாப்போம்" என்றார்.

இவ்விடத்தில் இன்னொரு செய்தியையும் கூற வேண்டும். வினோதினி வளர்ந்த அறையை, அவள் மணமாகிச் சென்ற நாள்முதல், பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவோர்க்கு வாடகைக்கு விடுவது மணிவேலின் வழக்கம். வரும் பௌர்ணமிக்கும் ஆந்திரத்துக் குடும்பமொன்றுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஆகவே தொட்டி எத்தகையதாயினும், பௌர்ணமியன்று ஒருவரே அதைத் தூக்கிக் கூடத்தில் வைக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்று விதித்தார்.

3

கட்டுரைக்குரிய செய்திகளை இங்கேயே தந்துவிடுகிறேன். பயனை நாடி வந்தவர்கள் இப்பகுதியோடு விடைபெறலாம்.

சண்டை மீன் ஒன்றுக்குப் பதினைந்து முதல் இருபது லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி ஏற்றது. உயரத்தைவிட நீளமும் அகலமும் மிகுந்திருத்தல் நன்று. ஏனெனில் இம்மீன் அடிக்கடி மேலே வந்து வெளிக்காற்றை விழுங்கும் இயல்புடையது. துள்ளிக் குதிக்குமாதலால் மூடி வேண்டும். கூரிய கல்லும் முரட்டுப் பொம்மையும் துடுப்பைக் கிழிக்கும். நீரோட்டம் மென்மையாக இருத்தல் வேண்டும். ஆண்மீன் இரண்டை ஒரு தொட்டியில் இடலாகாது. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் பார்ப்பவர்க்கு அழகு. உள்ளே இருப்பதற்கு அன்று.

இவற்றையெல்லாம் மணிவேலுக்குப் படித்துக் காட்டினேன். அவர் பணிவோடு கேட்டுக்கொண்டு, "தூக்க முடியுமா சார்?" என்றார்.

இருவரும் தேரடித் தெருவை ஒட்டிய சக்கரபாணியின் கடைக்குச் சென்றோம். அவர் மீனும் விற்பார். மீனைப் பற்றிய கருத்தும் விற்பார்.

"எத்தினி மீனு?" என்றார் சக்கரபாணி.

"ஒண்ணுதான். தொட்டி கையில தூக்கறாப்ல இருக்கணும்" என்றார் மணிவேல்.

"அப்ப இந்த உருண்டக் கிண்ணத்த எடுத்துக்குங்க. சேத்துத் தண்ணியிலயே பொழைக்கற மீனு சார் அது. அதுக்குப் போயி பங்களாவா கட்டுவாங்க?"

"இருபது லிட்டர் வேண்டும் என்று நான் படித்தேன்" என்றேன்.

சக்கரபாணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க படிச்சது ஃபாரின் மீனு. இது நம்மூரு மீனு. அட்ஜஸ்ட் பண்ணிக்கும்."

அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுதல் என்பது இம்மாவட்டத்தில் மீனுக்கும் மருமகளுக்கும் பொதுவான…

(நிறுத்திவிட்டேன். குறியீடு மிகுகிறது. 'மீன் மகளைக் குறிக்கும்' என்று ஓரத்தில் எழுதும் வாசகர்க்கு மதிப்பெண் கிடையாது. மீன் மீனையே குறிக்கும். மேலும் அது ஆண்.)

மணிவேல் உருண்டைக் கிண்ணத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்து மகிழ்ந்து வாங்கினார்.

4

கிண்ணத்தைக் கண்ட வினோதினி, "சின்னதா இருக்குதுப்பா" என்று மட்டும் கூறினாள்.

"ரெண்டு நாளுக்கு இது போதாதா?" என்றார் மணிவேல். அவள் வந்து அப்போது பன்னிரண்டாம் நாள்.

மீன் கிண்ணத்தில் ஒரு சுற்றுச் சுற்றியதும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. இரண்டொரு நாளில் துடுப்புகளைச் சுருக்கிக்கொண்டு அடியில் கிடக்கலாயிற்று. மணிவேல் மீண்டும் கடைக்குப் போனார். இம்முறை என்னை அழைக்கவில்லை. சக்கரபாணி அவருக்கு உயரமாய் ஒடுங்கிய தொட்டி ஒன்றைத் தந்தார். நடுவே பிளாஸ்டிக்கில் அண்ணாமலை. உச்சியில் பொத்தானை அழுத்தினால் ஒளிரும் தீபம். கார்த்திகைக்குக் காத்திராமல் நாள்தோறும் தரிசனம்.

"கிரிவலம் வருது பாரு" என்று மணிவேல் மனைவிக்குக் காட்டினார்.

"எங்க வருது? எதிர்ப்பக்கமா சுத்துது. பாவம்தான் ஜாஸ்தியாவும்" என்றார் உண்ணாமலை.

"மீனுக்கு இன்னா தெரியும்?"

"மனுசனுக்குத் தெரியுதா? பொண்ணு வந்து எத்தினி நாளாச்சி. இருன்னு ஒரு வார்த்த வாயில வரல. தொட்டி தொட்டின்னு கடை கடையா சுத்தறீங்களே, நீங்க எந்தப் பக்கமா சுத்தறீங்க?"

மலையின் முரட்டு விளிம்பில் மீனின் வால் கிழிந்தது. வினோதினி யாரிடமும் கேளாமல் மீனை எடுத்துக் குளியலறையின் நீல வாளியில் விட்டாள். பதினெட்டு லிட்டர், அகன்ற வாய், கல்லில்லை, மலையில்லை, தீபமில்லை. மீன் துடுப்புகளை விரித்தது. ஆக, அவ்வீட்டின் தலைசிறந்த மீன்தொட்டி கடையில் வாங்கப்படாதது என்பதைக் கட்டுரையாளன் என்னும் முறையில் பதிவு செய்கிறேன். மணிவேல் நாள்தோறும் குளிக்கும்போது மீனுக்கு முதுகைக் காட்டி நின்றார் என்று உண்ணாமலை என் மனைவியிடம் கூறியதையும் பதிவு செய்கிறேன்.

இவ்விடத்தில் எனக்குக் கதைத் தலைவரின்மேல் ஐயம் எழுந்தது. முதல் வரைவில் அவரைக் கல்நெஞ்சராக எழுதினேன். பொருந்தவில்லை, மகள் தூங்கும்போது மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டுப் பூனைபோல் வெளியேறுகிறவரைக் கல்நெஞ்சர் என்று எவ்வாறு எழுதுவது? கெட்டவராயிருந்தால் எனக்கு எழுத்துவேலை குறைந்திருக்கும். எனவே அவரிடமே நேரில் கேட்டேன்.

"மகளை இருக்கச் சொல்வதில் என்ன தடை?"

"சம்மந்தி வந்து பேசட்டும் சார். நாம அவசரப்பட்டு ஒண்ண சொல்லிட்டா…"

"சொன்னால்?"

"சொன்னதாயிடும் இல்ல?"

நான் பேச்சை மீனின் வாலுக்கு மாற்றினேன். ஆசிரியர்க்கு எல்லாம் தெரியும் என்னும் நம்பிக்கை அன்று சிறிது ஆட்டங்கண்டிருக்கலாம்.

5

பௌர்ணமி வந்தது. ஆந்திரத்துக் குடும்பம் அறையில் இறங்கிற்று. அவர்களுக்குக் குளியலறை வேண்டுமாதலால் வாளி காலி செய்யப்பட்டது. மீன் மறுபடியும் உருண்டைக் கிண்ணத்தில், கூடத்து முக்காலியின்மேல். அதனருகே, அறையிலிருந்து வெளியேற்றப்பட்ட வினோதினியின் பெட்டி.

நண்பகலில் சம்பந்தியம்மாள் பாஞ்சாலையும் அவர் மகனும் வினோதினியின் கணவருமாகிய வல்லரசும் வந்தனர். மாலையில் மலையைச் சுற்றிவிட்டு, திரும்புகையில் மருமகளையும் அழைத்துச் செல்வதாகத் திட்டம். ஒரே பயணத்தில் இரு புண்ணியம். நான்கு பேர் பேசும்போது ஒரு பெரியவர் வேண்டுமென்று மணிவேல் என்னையும் அமர்த்தியிருந்தார்.

"இன்னா சம்மந்தி, ரெண்டு நாளுன்னு வந்த பொண்ண அனுப்பாம வச்சிக்கினு இருக்கீங்க. எங்க தெருவுல கேக்கறவங்களுக்கு நான் இன்னா சொல்றது?" என்றார் பாஞ்சாலை.

மணிவேல் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வல்லரசு கலகலப்பானவர். கிண்ணத்தைக் கண்டதும் எழுந்து போய்க் குனிந்தார். "அட, இன்னும் உசுரோட இருக்குதா இது? எளச்சிப்போச்சே. இங்க பாருங்க மாமா, ஒரு வேடிக்க." கைப்பேசியின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, திரையைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார்.

அடியில் கிடந்த மீன் ஒரே வீச்சில் எழுந்தது. செவுள்கள் குடைபோல் விரிந்தன. கிழிந்த வாலையும் விறைத்துக்கொண்டு திரையின்மேல் பாய்ந்தது, கண்ணாடியில் மோதியது, பின்வாங்கி மறுபடியும் பாய்ந்தது.

"அதோட மூஞ்சிதான் அதுல தெரியுது. வேற மீனுன்னு நெனச்சிக்குது. விட்டா ஓயவே ஓயாது. வீட்டுக்கு யாரு வந்தாலும் இதான் காட்டுவேன்" என்று வல்லரசு சிரித்தார்.

"எடுங்க அத" என்றாள் வினோதினி.

"பாத்தீங்களா, இவளும் இதே மாதிரிதான் மாமா. ஒரு வார்த்த போட்டா போதும், மூஞ்சி செவந்துடும். ஃப்ரெண்ட்ஸு வந்தா பந்தயமே கட்டுவோம், எத்தினாவது வார்த்தைக்கு அழுவான்னு. இப்பவே காட்டட்டுமா?"

"வெளையாட்டுக்குச் சொல்றான் சம்மந்தி. அவன் எப்பவுமே தமாசு" என்றார் பாஞ்சாலை.

கைப்பேசி இன்னும் கண்ணாடியிலேயே இருந்தது. வினோதினி கணவரைப் பார்க்கவில்லை. தந்தையைப் பார்த்தாள்.

(குறியீட்டை நான் மூன்றாம் பகுதியிலேயே அடித்துவிட்டேன் என்பதை நினைவூட்டுகிறேன். வல்லரசு தாமாகவே அதை மீண்டும் எழுதிக்கொண்டார். ஆசிரியன் பொறுப்பல்லன்.)

6

சங்கச் செயலாளர் வரைவை இதுவரை படித்துவிட்டு, "தொட்டி பத்தி பாதிதான் சார் இருக்குது" என்று வருந்தினார். ஆயினும் முடிவைப் பற்றி அவருக்கும் கருத்து இருந்தது. எல்லாருக்கும் இருக்கிறது.

முதல் முடிவு: வினோதினி பெட்டியை எடுக்கிறாள், மீன் பாட்டிலுக்குத் திரும்புகிறது, இரு குடும்பத்தாரும் சேர்ந்து கிரிவலம் போகின்றனர். செயலாளர் விரும்புவது இதுவே. "குடும்பம்னா சேரணும் சார், மலர்ல போடறோம் இல்ல." இவருக்கு மணமான மகள் இல்லை.

இரண்டாம் முடிவு: மணிவேல் பாய்ந்து கைப்பேசியைப் பறித்துக் கிண்ணத்துக்குள் எறிகிறார். என் கை இதை எழுதத் துடித்தது, எழுதியும் பார்த்தேன். அடுத்த வரியிலேயே அவர் குனிந்து அதை எடுத்துத் துண்டால் துடைத்து மன்னிப்புக் கேட்கலானார். அடித்துவிட்டேன்.

மூன்றாம் முடிவு: மீன் இறந்துவிடுகிறது. இலக்கியத் தரம் அக்கணமே உயரும், ஐயமில்லை. ஆனால் மீன் உயிரோடிருந்தது. மிகுந்த சினத்தோடும் இருந்தது. என் தரத்துக்காக அதைக் கொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆகவே மூன்றையும் வாசகரிடமே ஒப்படைக்கிறேன். மீனுக்கு இனி எத்தொட்டி, அதை எங்கே வைப்பது, ஆந்திரத்துக் குடும்பத்துக்கு அடுத்த பௌர்ணமி எங்கே இடம் என்பனவற்றையும் நீங்களே முடிவு செய்துகொள்க. வேண்டிய செய்தியெல்லாம் தந்தாயிற்று. மணிவேல் கூறியது மட்டும் என் ஆக்கமன்று. அங்கிருந்தேன், கேட்டேன், எழுதுகிறேன். திருத்தவும் இல்லை, மெருகிடவும் இல்லை.

அவர் எழுந்தார். வல்லரசின் மணிக்கட்டைப் பிடித்துக் கைப்பேசியைக் கண்ணாடியிலிருந்து மெல்ல விலக்கினார். என்னைப் பார்க்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"வினோதினி வரமாட்டா மாப்ள. இனிமே இங்கதான் இருப்பா. நீங்க சாப்ட்டுட்டுக் கெளம்புங்க."