வெர்னாவின் மான் சீட்டு

நவம்பர் வந்தால் வெர்னா கடைக்குப் போய், மான் சுட அரசாங்கம் தரும் அனுமதிச் சீட்டு ஒன்று வாங்கி வருவாள். வாங்கியதைக் கணவனின் அண்ணன் ஹார்லனிடம் கொடுப்பாள். அதோடு அந்த வருஷத்துக்கு அவளுடைய வேட்டை முடிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

அமெரிக்காவில், விஸ்கான்சினின் வடகோடியில் இது ஊரறிந்த ஏற்பாடு. ஆளுக்கு ஒரு சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒரு கொம்புமான். இரண்டாவது மானுக்கு ஆசைப்படுகிறவன் பெண்டாட்டி பெயரில் ஒரு சீட்டு வாங்கி வைப்பான். கூட்டமாக வேட்டைக்குப் போனால் ஒருவர் சீட்டுக்கு இன்னொருவர் சுடலாம் என்று சட்டமே சொல்கிறது. சீட்டுக்காரரும் காட்டில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும், சம்மதிக்கவும் வேண்டும் என்று அதே சட்டம் தொடர்ந்து சொல்கிறது. அந்தப் பாதியை யாரும் படிப்பதில்லை. வெர்னா வீட்டில் சாசேஜுக்கு மிளகு இடித்துக்கொண்டிருப்பாள். காட்டில் அவள் பெயரில் ஒரு மான் விழும்.

போன வருஷம் விழுந்த மான் பெரியது. ஊர் மதுக்கடைச் சுவரில், பெரிய மான் சுட்டவர்கள் பலகையில், அவள் பெயரை இரண்டாவதாக எழுதிவிட்டார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் கைதட்டினார்கள்.

"எங்க நின்னு சுட்டே வெர்னா? அடுப்புக்குப் பின்னாலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. அந்த வயதுக்காரர்களுக்கு வேட்டை வகுப்பு கட்டாயமில்லை. அந்தக் கோடையில் அவள் போனாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே, முழங்கால் இடிக்கும் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். எங்கே சுட்டால் மான் உடனே சாகும், எங்கே சுட்டால் நாள் முழுக்கத் துடித்து ஓடும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். பழைய ரைஃபிள் ஒன்று வாங்கினாள். ஊருக்கு வெளியே ஜல்லிக் குழியில் டப்பாக்களை வைத்துச் சுட்டாள். தோள் கன்றிப்போய் நீலமாகும். மஞ்சளாகும். மறுபடி நீலமாகும்.

"வயசான காலத்துல இது எதுக்கு?" என்று கேட்டான் கிளென். அவள் கணவன்.

"வயசாகறதுக்கு முன்னால யாரும் கூப்பிடல," என்றாள்.

வேட்டை தொடங்குவதற்கு முந்தின மாலை நால்வரும் காட்டுக் குடிலில் சூப்புக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹார்லன், கிளென், அவர்களுடைய சித்தப்பா மகன் ஆர்வின், வெர்னா. ஹார்லன் மேசைக்கு மேலாகக் கையை நீட்டினான்.

"சரி, கொடு."

"எதை?"

"சீட்டைத்தான்."

"அது என் கோட்டுப் பைல இருக்கு. அங்கயே இருக்கட்டும்."

ஆர்வின் கரண்டியைக் கீழே வைத்தான். "அடேயப்பா! சமையக்காரி ஸ்டிரைக் பண்ணிட்டாடா."

"ஸ்டிரைக் இல்ல. நானும் வேட்டைக்கு வந்திருக்கேன். என் சீட்டுக்கு நான்தான் சுடுவேன். வேற யாரும் சுடக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

"சுடு தாயே, யாரு வேணாம்னா?" என்றான் ஹார்லன். "கடைசில மிச்சமாச்சுன்னா பாத்துக்கலாம்."

"மிச்சமானாலும் என்னோடதுதான்."

ஹார்லன் தம்பியைப் பார்த்தான். "என்னடா ஆச்சு இவளுக்கு?"

கிளென் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். "வகுப்புக்குப் போனா," என்றான்.

அவளுக்கு ஒதுக்கிய பரண் மரம் அறுக்கும் மில்லுக்குப் போகும் பாதையோரம் இருந்தது. அங்கே மான் வந்ததை ஆர்வினின் அப்பா காலத்தில் யாரோ பார்த்ததாகப் பேச்சு. வெர்னா ஏறி உட்கார்ந்தாள். விடியலில் ஓடைப் பக்கம் ஒரு வெடி கேட்டது. ஹார்லன் பொறுமை இல்லாமல் ஒரு சின்னக் கொம்புமானைச் சுட்டுவிட்டான். அவன் சீட்டு தீர்ந்தது. மறுநாள் ஆர்வினுடையதும் தீர்ந்தது. வெர்னா அணிலைப் பார்த்தாள். ஒதுங்க வேண்டுமென்றால் ஐந்து அடுக்கு உடையை அவிழ்க்க வேண்டியிருந்தது. கால் விரல்கள் இருக்கின்றனவா என்று அவ்வப்போது அசைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஒரு மான் வந்தது. கொம்புள்ளது. சத்தமில்லாமல், பனிக்குள்ளிருந்து முளைத்த மாதிரி வந்து நின்றது. அவளுக்கு நெஞ்சு அடித்த அடியில் தொப்பியே அசைந்தது. குறி பார்த்து விசையை இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தவறிச் சுடாதபடி விசையைத் தடுக்கும் பூட்டை விடுவிக்க மறந்திருந்தாள். கட்டைவிரல் பூட்டைத் தேடுவதற்குள் மான் போய்விட்டது.

நடந்ததை நடந்தபடி குடிலில் சொன்னாள். ஹார்லன் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

"நாங்கெல்லாம் சுட்டுத் தவறவிடுவோம். இவ சுடாமலே தவறவிட்டுட்டா!"

"பூட்டு நல்லா வேலை செய்யுது," என்றான் ஆர்வின். "கடைக்காரன் ஏமாத்தல."

அவள் காலுறையை அடுப்புக்கு மேல் காயப்போட்டாள். மறுநாள் விடிவதற்குமுன் பரணில் இருந்தாள்.

புதன்கிழமை மதியம் ஓடைப் பக்கம் ஒற்றை வெடி கேட்டது. கிளெனாக இருக்கும் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பனியை உதைத்துக்கொண்டு ஹார்லன் வந்தான். முகம் சிவந்திருந்தது. சின்னப் பையனைப் போலச் சிரித்தான்.

"வெர்னா, இறங்கி வா. கொம்புல பன்னிரண்டு கிளை. எங்கப்பா வாழ்நாள்ல அப்படி ஒண்ணு சுட்டதில்ல."

அவள் குண்டுகளைக் கழற்றினாள். துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்கிவிட்டு, பிறகு இறங்கினாள்.

"யார் சீட்டுக்குச் சுட்டே?"

"வந்து பாரு முதல்ல."

போய்ப் பார்த்தாள். கழுத்து அவள் இடுப்பளவு பருத்திருந்தது. உடம்பிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அடியில் பனி உருகி இலைகள் தெரிந்தன. கொம்பு சேற்றுக் கறையோடு, பழைய மரச்சாமான் நிறத்தில் இருந்தது. நெஞ்சில் ஒரே ஒரு துளை. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவளுக்கு அந்த மானைப் பிடித்துப்போனது. சுட்ட விதமும் பிடித்துப்போனது. கிளெனும் ஆர்வினும் அதற்குள் வந்து நின்றிருந்தார்கள்.

"சீட்டு கட்டாம நகர்த்த முடியாது," என்றான் ஹார்லன். கையை நீட்டினான். "கொடு. குளிருது."

"மாட்டேன்."

"என்னது?"

"கொடுக்க மாட்டேன்னு சொன்னேன்."

ஹார்லன் கையை மடக்கவில்லை. "இதோ பாரு. இந்த வருஷம்தான் முதல்முறையா எல்லாம் சட்டப்படி இருக்கு. நீ காட்டுல இருக்கே. கூப்பிட்டேன், கேட்டுச்சு, வந்தே."

"சம்மதிக்கவும் வேணும்."

"அதெல்லாம் ஒரு பேச்சா?"

"அதுதான் பேச்சு."

"ரேஞ்சர் வந்தா என் துப்பாக்கி போகும், லைசென்ஸ் போகும். இவ்வளவு இறைச்சியும் போகும். குடும்பத்துக்குள்ள இப்படிச் செய்வாங்களா?"

"சுடறதுக்கு முன்னாலயே சொன்னேன். கேட்டுட்டுத்தானே சுட்டே?"

"நீ ஏதோ விளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சேன்."

"இப்ப என்ன நெனக்கறே?"

ஆர்வின் இருமினான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

"சீட்டுதான் வேணும்னா கிளென்கிட்ட இருக்கு," என்றாள் வெர்னா.

ஹார்லன் தம்பி பக்கம் திரும்பவே இல்லை. "அது கிளெனோடது," என்றான்.

"இது என்னோடது."

கிளென் கையுறையைக் கழற்றினான். மறுபடி மாட்டிக்கொண்டான். "வெர்னா, எனக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தடம் பாத்து வச்சிருக்கேன்."

"எனக்கும் அதே நாலு நாள்தான்."

"நீ எப்படியும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு."

"நீ எப்படியும் சுடப்போறதில்ல."

சொன்ன பிறகு அவன் மானைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

"சுடலைன்னா சுடலை," என்றாள். "அது எனக்கும் மானுக்கும் நடுவுல."

மேலே கிளையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. ஹார்லன் குரலைத் தணித்துக் கேட்டுப் பார்த்தான். பிறகு கத்திப் பார்த்தான். கொம்பை மதுக்கடைச் சுவரில் அவள் பெயர் போட்டே மாட்டலாம் என்றான். அவள் தோளில் துப்பாக்கியை மாற்றிக்கொண்டாள். வேறு எதுவும் செய்யவில்லை.

கடைசியில் கிளென் கோட்டைத் திறந்தான். சீட்டை எடுத்தான். தேதியையும் நேரத்தையும் கத்தி நுனியால் கீறினான். கை மெதுவாகத்தான் போனது. குனிந்து கொம்படியில் அதைக் கட்டினான். முடிச்சு முதல் தடவை விழவில்லை. இரண்டாவது தடவை விழுந்தது.

"அடுத்த வருஷம் இந்தக் குடில்ல உனக்கு இடமில்ல," என்றான் ஹார்லன் அவளிடம்.

"குடில் உங்க மூணு பேர் பேர்ல இருக்கு. கிளென் பங்குல பாதி என்னோடது. நான் ஒல்லி. படுக்க அது போதும்."

பரணுக்குத் திரும்பி நடந்தாள். மானை இழுத்துப் போகும் சத்தம் பின்னால் கேட்டது. வழக்கமாக இழுக்கும்போது ஆண்கள் பாடுவார்கள். அன்று பாடவில்லை.

மறுநாள் நன்றித் திருநாள், வீடுதோறும் வான்கோழி வேகும் நாள். வெர்னாவுடையதைத் தவிர எல்லாச் சீட்டும் தீர்ந்துவிட்டதால் ஆண்களுக்குக் காட்டில் வேலை இல்லை. கிளெனும் குடிலில் தங்கினான். வான்கோழியை அவன்தான் அடுப்பில் வைத்தான். இருட்டிய பிறகு வெர்னா உள்ளே வந்தபோது குடில் முழுக்கப் புகை. வான்கோழியின் மார்பு பலகை மாதிரி இருந்தது. மூவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினாள். சமைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பெட்டைமான்கள் வந்தன. அவள் சீட்டு அவற்றுக்கில்லை. சனிக்கிழமை ஒன்றுமே வரவில்லை. நாள் முழுக்கக் காற்று அடித்தது. பரண் கப்பல் மாதிரி ஆடியது. கிளைகளுக்கு நடுவே எதுவரை தெளிவாகத் தெரிகிறது, எங்கே மறைகிறது என்று பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். வெளிச்சம் சாயத் தொடங்கியபோது வலப்பக்கம் சருகு நொறுங்கியது. கொம்புமான். யாரோ விரட்டிய மாதிரி வேகமாக வந்தது. அவள் கட்டைவிரல் பூட்டைத் தானாகவே விடுவித்தது. துப்பாக்கி தோளில் ஏறியது. நெஞ்சு அடித்தது, ஆனால் கை நின்றது. மான் திரும்பும் என்று காத்தாள். அது திரும்பவில்லை. நேராக அவளிடமிருந்து விலகி, புதருக்குள் போனது. பின்பக்கம் மட்டும் தெரிந்தது. வெள்ளை வால் ஆடியது. இழுத்தால் படும். எங்கோ படும். அவள் விரல் விசைமேல் இருந்தது. மான் புதரைத் தாண்டும்வரை அங்கேயே இருந்தது. பிறகு எடுத்தாள்.

நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கினாள்.

குடில் வாசலில் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய மான் வண்டியின் பின்தட்டில் கிடந்தது. தலையைத் தூக்கி, சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும்படி கட்டியிருந்தான் ஹார்லன். அவன்தான் முதலில் கேட்டான்.

"ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு. கொம்பன்."

"சத்தமே கேக்கலயே. மறுபடியும் பூட்டா?"

"பூட்டெல்லாம் எடுத்துட்டேன். பின்பக்கம்தான் தெரிஞ்சது. சுடல."

"சுட்டிருக்கலாமே! எங்கயாவது பட்டிருக்கும். ராத்திரி விளக்கெடுத்துத் தேடியிருப்போம்."

"சுட்டிருக்கலாம்," என்றாள்.

"அப்ப சீட்டு வீணாப் போச்சு."

"ஆமா."

"ரெண்டு சீட்டு வீணு. உன்னால கிளெனும் வெறுங்கையோட போறான்."

"கிளென் சீட்டை நீதான் தீர்த்தே. என்னோடதை நான் வீணாக்கினேன்."

"அதுல ஒரு பெருமை வேற."

"தேவைப்பட்டா அடுத்த வருஷமும் வீணாக்குவேன்."

ஹார்லன் கயிற்றை வண்டியில் எறிந்தான். "கேட்டியாடா கிளென்?"

கிளென் படுக்கைச் சுருளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். முழங்காலால் அழுத்தி முடிச்சுப் போட்டு முடித்தான்.

"கேட்டேன்," என்றான். "அடுத்த வருஷம் யார் சீட்டுக்குன்னு சுடறதுக்கு முன்னாடி கேளு. என்கிட்டயும் கேளு."

ஆர்வின் சிரித்துவிட்டான். ஹார்லன் சிரிக்கவில்லை. வெர்னா துப்பாக்கியைத் திறந்து, உள்ளே குண்டில்லை என்று பார்த்து, உறையில் போட்டாள். ஈரக் காலுறையை மாற்றக் குடிலுக்குள் போனாள்.