பந்தின் தலையில் ஒரு விரல்

...அந்தக் கால் தன்னுடையதல்ல என்று இப்போதே எழுந்து சொல்லிவிட்டால்தான் என்ன, மண்டபமா இடிந்து விழப்போகிறது... மேடையின் பின்சுவரில் தொங்கிய பதாகையில் அந்தக் கால் தலைக்கு மேலே ஏறி நின்றது, வெள்ளைச் சப்பாத்து, சுற்றிவர மழைத்தண்ணீர் தெறிக்கிறது, தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை, குளிருக்குப் போட்ட நீளக்கை உடுப்பால் தோலின் நிறமும் தெரியவில்லை, பிறகென்ன, யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம், அப்பா இராஜசிங்கத்தின் பிள்ளையாகவும் இருந்துவிட்டுப் போகலாம். கீழே பெரிய சிவப்பு எழுத்தில், கிண்ணத்தை வென்ற உதை எங்கள் பானுஜனுடையது என்று போட்டிருந்தார்கள். பானுஜன் முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில், அம்மா வற்புறுத்திப் போடவைத்த பதக்கம் கழுத்தில் தொங்க, அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். டீட்டிகோன் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபம், கூடைப்பந்து வளையத்தை மேலே மடித்துக் கட்டிவிட்டு அதன் கீழே குத்துவிளக்கு வைத்திருந்தார்கள், தமிழ் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா, இந்தச் சின்னப் பிள்ளைகளின் நடனம் முடிந்ததும் பேச்சு, பேச்சு முடிந்ததும் அவனுக்குப் பொன்னாடை, அதற்குப் பிறகு கையில் மைக்கைக் கொடுப்பார்கள்... அப்போது சொல்லலாமா, அடித்தவன் நானில்லை, கோல்ட்டன் என்ற அமெரிக்கன், நான் அவனுக்குப் பந்தை நிமிர்த்திப் பிடித்தவன் என்று... படத்தை வெட்டியவர்கள் கச்சிதமாகத்தான் வெட்டியிருந்தார்கள், ஆனாலும் கீழ் மூலையில் ஒரு கை தப்பி நின்றது, கறுத்த, உறை போடாத கை, மணிக்கட்டோடு சரி, பந்து போய்விட்ட வெறும் புல்லுக்கு மேலே ஒரு விரலை நீட்டிக்கொண்டு. அவ்வளவு பெரிய பதாகையில் அவனுடையது என்று இருந்தது அது ஒன்றுதான்.

முட்டைப் பந்து என்பார் அப்பா, உன்ரை முட்டைப் பந்து எப்பிடிப் போகுது என்று கேட்பார், அமெரிக்கன் ஃபுட்போல் என்று சொல்ல அவருக்கு வாய் வராது, இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு வரும்... முட்டி மோதி உருளும் தடியன்களின் ஆட்டத்தில் உதைப்பதற்கு என்று ஒருவனை வைத்திருப்பார்கள், ஆட்டத்துக்கு நாலைந்து தடவை அவனைக் கூப்பிடுவார்கள், ஒருவன் குனிந்து நின்று கால்களுக்கிடையால் பந்தைப் பின்னே எறிய, இன்னொருவன் முழங்காலை ஊன்றியிருந்து அதைப் பிடித்து நிலத்தில் நட்டு, அதன் தலையில் ஒரு விரலை வைத்துக்கொண்டிருக்க, உதைப்பவன் ஓடி வந்து உதைப்பான், எல்லையில் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போனால் மூன்று புள்ளி. சனம் பார்ப்பது உதைப்பவனை. முழங்காலில் இருப்பவனை அவனைப் பெற்றவள்கூடப் பார்க்கமாட்டாள். லிம்மாட் வுல்வ்ஸ் அணியில் இந்தப் பருவம் தொடங்கும்போது உதைப்பவன் பானுஜன்தான், தமிழ்க் கழகத்துக்கு உதைபந்து விளையாடித் திரிந்தவனின் இடது காலைக் கண்டு அவர்களாகத்தான் வந்து கேட்டார்கள், அவனும் பண்டகசாலையில் விடியற்காலை வேலையை மாற்றி வாங்கிக்கொண்டு, நித்திரை இல்லாமல், பயிற்சிக்கு ஓடினான். முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி, இந்த முறையும் கடைசி இடம்தான் என்று பேப்பர்க்காரன் எழுதினான், பிறகு பிராகாவில் கடைசி நிமிடத்தில் அவன் உதைத்த உதையில்தான் அணியே தலை நிமிர்ந்தது, அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வெற்றி... அன்று அந்தப் பிராகா உதையின் படத்தைக் கழகத்தின் வாட்ஸப் குழுமத்தில் அவனே போட்டான், வெட்கத்தை விட்டுப் போட்டான், கீழே யாருடையதோ முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பு வந்து விழுந்தது, அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், அவனுடைய உதை யாருக்கும் தெரியாமல் மேலே போய்விட்டது. அடித்தபோது ஒரு சனமும் திரும்பிப் பார்க்கவில்லை, அடிக்காததற்குப் பொன்னாடை. ஆடி மாதம், அரையிறுதிக்கு முன், மனேஜர் அறைக்குள் கூப்பிட்டு, டு பிஷ் விக்டிக், நீ எங்களுக்கு முக்கியமானவன் என்றார், அந்தச் சொல்லைக் கேட்டதும் அவனுக்கு விளங்கிவிட்டது, பண்டகசாலையிலும் ஒருவனை வேறு பகுதிக்குத் தள்ளுவதற்கு முன் முக்கியமானவன் என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவிலிருந்து ஒருவன் வருகிறான், இன்னும் தூரம் உதைப்பான், உன் கை நல்ல கை, நீ பிடி. ஒன்றையாவது தவறவிட்டிருந்தால் நெஞ்சு ஆறியிருக்கும், அவன் தவறவிட்டதால் அல்ல, அவர்களுக்கு இன்னும் வேண்டும் என்பதால், கறிவேப்பிலையைப் போல எடுத்து ஓரத்தில் வைத்தார்கள். அவனும் ஓம் என்றான், ஏன் ஓம் என்றான், ஒரு வாய்ச்சொல் எதிர்த்துச் சொல்லியிருக்கலாம்...

இறுதி ஆட்டம் ஸ்ருட்காட்டில், விடாத மழை, அப்பா குடையோடு பஸ்ஸில் வந்து மேல் வரிசையில் இருந்தார். கடைசி விநாடிகள், இரண்டு புள்ளி பின்னால் நிற்கிறார்கள், உதைத்தால் கிண்ணம், விட்டால் வீடு. கோல்ட்டன் பின்னுக்குப் போய் நின்று மூச்சை ஊதினான், இவன் ஈரப்புல்லில் முழங்காலை ஊன்றினான், கையை நீட்டினான், பந்து வந்தது... அப்படியா வருவது, நிலத்தோடு நிலமாக, வழுக்கி, சேற்றுத் தண்ணீரைக் கிளப்பிக்கொண்டு, வேறு யாராவது என்றால் அங்கேயே கதை முடிந்திருக்கும்... உடம்பை முழுக்கச் சரித்து இடது கையால் அள்ளி, அள்ளிய கையாலேயே திருப்பி, தையல் முன்பக்கம் போக, நட்டு, சரியான சாய்வில் விரலை வைத்தான், எப்படி வைத்தான் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது, வாழ்க்கையில் அவன் செய்த ஆகச் சிறந்த காரியம் அதுதான், ஒரு தும்மல் நேரம்கூட இல்லை. கோல்ட்டனின் கால் வந்து விரலுக்குக் கீழே இருந்த பந்தைக் கொண்டுபோனது. அது மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தபோது... இதை யாரிடம் சொல்வது, தன்னிடமே சொல்லக் கூசுகிறது... விலகிப் போகட்டும் என்று நினைத்தான். நினைத்தானா, ஓம், நினைத்தான், இடப்பக்கக் கம்பத்துக்கு வெளியாலே போகட்டும், அப்போது தெரியும் இவர்களுக்கு என்று, தானே உயிரைக் கொடுத்து நட்ட பந்தைத் தானே சபித்தான். அது நடுவாலே போனது. முழு அணியும் கோல்ட்டன்மேல் போய் விழுந்தது, இவன் அந்த முழங்காலோடே கிடந்தான், எழும்ப மனமில்லை, பிறகு எழும்பிப் போய் எல்லோரோடும் சேர்ந்து குதித்தான், குதிக்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும். உடுப்பு மாற்றும் அறையில் கோல்ட்டன் வந்து கட்டிப்பிடித்து, நீ இல்லாவிட்டால் அது இல்லை என்றான், அந்தக் கிழமையே ஊருக்குப் பறந்துவிட்டான். அந்தப் பந்து எப்படி வந்தது என்று தெரிந்த ஒரே மனுஷன் இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான்.

அடுத்த நாள் மத்தியானம், வேலைத்தலத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோதுதான் குழுமத்தில் அதைக் கண்டான், அப்பா அந்தக் கடைசி உதையின் படத்தைப் போட்டிருந்தார், ஒன்றும் எழுதவில்லை, வெறும் படம், கீழே நித்தியானந்தன் மாமா, கழகத் தலைவர், எங்கடை பொடியன் அடிச்ச உதையைப் பாருங்கோ என்று போட்டுவிட்டார், அதற்குக் கீழே வாழ்த்து, வாழ்த்து, பேர்ணிலிருந்து வாழ்த்து, நொஷாட்டலிலிருந்து முன்பின் தெரியாத ஒருவரின் வாழ்த்து. அது நானில்லை மாமா என்று எழுதினான், அனுப்பாமல் அழித்தான். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் முதலில் சொல்வோம் என்று போனான், அப்பா கதிரையில் இருந்து போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொரு வாழ்த்தாக வாசித்துக்கொண்டிருந்தார், சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் தட்டுக் கழுவியே காலம் போன மனுஷன், அவரை யார் இதுவரை வாழ்த்தினார்கள், கலியாண வீட்டில்கூடக் கடைசி மேசையில் போய் இருப்பவர்... பாவம், அந்த விளையாட்டும் விளங்காது, தொப்பிக்குள் இருப்பது மகனா வேறொருவனா என்று அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரியும், மகன் என்று நம்பிவிட்டார், நம்பியதைப் பறிக்க மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று விட்டான். நாளை கிழமையானது, கிழமை பதாகையானது. கடைக்குப் போனால் நிறுத்திக் கைகுலுக்குகிறார்கள், அம்மாவுக்குக் கோயிலில் முன்னுக்கு இடம் விடுகிறார்கள், அப்பா புது ஜாக்கெட் வாங்கியிருக்கிறார், ஒவ்வொரு நாளும் அவன் பற்களைக் கடித்துக்கொண்டு, அப்பாவுக்காக, அப்பாவுக்காக என்று... ஆனால் தூங்கப் போனால் அந்தப் பந்து சேற்றில் வழுக்கிக்கொண்டு வருகிறது, அவன் அள்ளுகிறான், யாருமே காணவில்லை. ஒரு பொய் உதைக்காக அந்த நிசப் பிடியை எத்தனை நாளைக்குத் தின்று விழுங்குவது, தனக்கென்று இருப்பது அது ஒன்றுதானே, அதையும் இன்று இந்தப் பொன்னாடையால் மூடிவிட்டால் பிறகு அது நடக்கவே இல்லை என்றாகிவிடும்.

நடனம் முடிந்துவிட்டது போல, பிள்ளைகள் சலங்கையோடு கீழே ஓடுகிறார்கள், நித்தியானந்தன் மாமா மைக்கைத் தட்டிப் பார்க்கிறார், "அன்பான உறவுகளே, வெள்ளைக்காரன்ரை விளையாட்டிலை வெள்ளைக்காரனுக்கே காட்டிப்போட்டான் எங்கடை பிள்ளை, ஒரே ஒரு உதை..." சனம் கைதட்டுகிறது, மீன் ரோல்ஸ் தட்டோடு அம்மா வாசலில் நின்று கண்ணைத் துடைக்கிறாள்... சொல்லத்தான் போகிறேன், இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி என்றைக்கு, மைக் கைக்கு வந்ததும் வணக்கம் என்பது, பிறகு நேராக, அடிச்சது நானில்லை, பிடிச்சது நான், அந்தப் பந்து வந்த விதத்துக்கு அடிக்கிறதைவிடப் பிடிக்கிறதுதான் பெரிய காரியம், என்று விளங்கப்படுத்துவது, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நித்தியானந்தன் மாமா முகம் கறுக்கட்டும், அப்பா... அப்பாவுக்கு நோகும், நொந்தாலும் வீட்டுக்குப் போய் ஆறுதலாகச் சொன்னால் விளங்கிக்கொள்வார், மகன் செய்ததைத்தானே சொல்கிறேன், செய்யாததை இல்லையே. பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், தகப்பனாரையும் வரச் சொன்னார்கள். இருவரும் எழுந்து மேடைப்படிக்குப் பக்கத்தில் நின்றார்கள், யாரோ பொன்னாடையை உறையிலிருந்து எடுக்கச் சரசரவென்று சத்தம், அப்பா அவன் பக்கம் திரும்பி, புரண்டு கிடந்த பதக்கத்தை நேராக்கிவிட்டு, காதுக்குக் கிட்ட வந்தார்.

"மைக்கிலை நன்றி எண்டு மட்டும் சொல்லு, என்ன. பந்து பிடிச்ச கதையெல்லாம் எடுக்காதை."

பானுஜனுக்கு முதலில் விளங்கவில்லை. "உங்களுக்குத் தெரியுமோ, அப்பா?"

"இஞ்சை நடந்த மட்ச் எல்லாம் வந்து பாத்தனான், எனக்கு விளங்காதோ. உன்னை எடுத்துப்போட்டு அவனை விட்டதும் தெரியும், நீ முழங்காலிலை கிடந்ததும் தெரியும்." அவர் மேடையைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார். "நீ ஒண்டுக்கும் யோசியாதை. கொம்மாவுக்குக்கூட நான் சொல்லேல்லை."

கொம்மாவுக்குக்கூட... பிள்ளை எங்கேயோ களவெடுத்துப் பிடிபட்டால், அதைத் தீர்த்துவைத்துக் கூட்டிவரும் தகப்பன் வழியில் சொல்கிற குரல் அது, அதே கனிவு, அதே தாழ்ந்த குரல். அப்படியென்றால் மழையில் குடைக்குக் கீழே இருந்து முழுவதையும் பார்த்திருக்கிறார், சேற்றில் பந்து வந்ததை, அள்ளியதை, நட்டதை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வெளியில் சொல்லக்கூடாத ஒன்றாக மடித்து உள்ளே வைத்திருக்கிறார்... இத்தனை கிழமையும் அப்பாவின் மானத்தைத் தான் காப்பாற்றுவதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தான். மேடை ஏறியதும் பொன்னாடை தோளில் விழுந்தது, ஜரிகை கழுத்தை அறுத்தது, நித்தியானந்தன் மாமா மைக்கைக் கையில் திணித்தார், மண்டபம் அமைதியானது. பானுஜன் வணக்கம் என்றான். பக்கத்தில் அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது.