ஒற்றை ஆள் மிஷின்

மதுரையில் அந்த ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் கடைக்குள் நுழைந்த பேச்சிமுத்து, இரண்டு மிஷின்களுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். ஒன்று கதவை மல்லாக்கப் படுக்கப்போட்ட மாதிரி பெரியது. மற்றது பழைய டிவிப் பெட்டி அளவுக்குச் சின்னது. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். மருந்து பூசிய ஸ்கிரீன் பிரேமை உள்ளே வைத்து மூடிப் பொத்தானை அழுத்தினால், விளக்கு எரிந்து எழுத்தை அதில் பதித்துக் கொடுக்கும். வெயிலுக்குக் காத்துக் கிடக்கவும் வேண்டாம், வானத்தைப் பார்த்து வையவும் வேண்டாம்.

"பெருசுல மஞ்சப்பை, பேனர் எல்லாம் போடலாம்ணே," என்றார் கடைக்காரர் கர்ணன். "ஆனா பிரேமைத் தூக்கி வைக்க ரெண்டு ஆளு வேணும். சின்னது கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டுக்குச் சரியா இருக்கும். ஒத்தை ஆளே பாத்துக்கிடலாம். உங்க பட்டறையில எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு," என்றார் பேச்சிமுத்து. சொன்ன வேகத்தில் அவருக்கே கூச்சமாகப் போய்விட்டது.

போன வருஷம் வரைக்கும் அது பொய்யில்லை. மகள் தேவயானிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்ததும், ஒத்தாசைக்கென்று அவர் மனைவி முனீஸ்வரி திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். மூன்று மாதத்துக்குத்தான் பேச்சு. அந்தப் பிள்ளை இப்போது எழுந்து நடக்கிறது. பனியன் துணி பிசிறு வெட்டுவதற்கு வீட்டுக்கே வருகிறதாம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே வெட்டிக் கொடுக்கிறாளாம். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் ஆள்விட்டுச் சமாதானம் பேசலாம். சும்மா வராமல் இருக்கிறவளிடம் என்ன பேசி அழைத்து வருவது என்று அவருக்கு விளங்கவே இல்லை.

தேனியில் அவருடைய பட்டறை மாடியில்தான் அவர்கள் வெயில் காட்டுவார்கள். பிரேமின் மேல் எழுத்துப் படம், அதன் மேல் கண்ணாடி, எல்லாவற்றையும் மூடி ஒரு கருப்புத் துணி. ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேறுவார்கள். அவர் துணியை உருவியதும் முனீஸ்வரி எண்ண ஆரம்பிப்பாள். அவளுக்குக் கடிகாரம் ஆகாது. பிறந்தது கூடலூர் என்பதால் தாய் வீட்டுக்குப் போகும் பஸ்தான் அவளுக்குக் கணக்கு. தேனி, பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி, கோட்டூர், சீலையம்பட்டி என்று ஒரே சீராக நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டே போவாள். சித்திரை வெயிலுக்குக் கோட்டூர் போதும். ஆடியில் மேகம் மேற்கு மலையைத் தாண்டி வந்துவிட்டால் கம்பம் வரைக்கும்கூடப் போக வேண்டியிருக்கும். நடுவில் வெயில் மறைந்தால், "வண்டி வீரபாண்டியில நிக்குது," என்பாள். மறுபடி வெயில் அடித்ததும், "ம், கெளம்பிருச்சு." வெயில் கூடினாலும் குறைந்தாலும் எழுத்து கெட்டுப்போகும். அவள் எண்ணி ஒரு ஸ்கிரீன்கூடப் பாழானதில்லை.

அவள் போன பிறகு அவரும் எண்ணிப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தால் எண்ணிக்கை விட்டுப்போகும், எண்ணினால் மேகம் விட்டுப்போகும். பிரேம் பிரேமாகக் குப்பைக்குப் போனது. பெரிய பிரேமைத் தனியே மாடியேற்றும்போது கண்ணாடி வழுக்கி உடைந்த அன்றுதான் மிஷின் வாங்குவது என்று முடிவெடுத்தார். இங்கே வந்து பார்த்தால், அது மிஷினைப் பற்றிய முடிவாகவே இல்லை. பெரியதை வாங்கினால் அவள் வருவாள் என்று நம்புவதாக அர்த்தம். சின்னதை வாங்கினால்? அதற்கு மேல் யோசிக்கப் பயந்து, கடை வாசலுக்கு வந்து செல்போனை எடுத்தார்.

"சாப்டீகளா?" என்றாள் முனீஸ்வரி.

"ம். மதுரையில நிக்கிறேன், மிஷின் பாக்க வந்தேன். பெருசு ஒண்ணு இருக்கு, சின்னது ஒண்ணு இருக்கு." செல்போனை மறு காதுக்கு மாற்றினார். "பெருசுக்கு ரெண்டு ஆளு வேணுமாம்."

அவளுக்கா புரியாது? முப்பது வருஷமாக அவர் கேட்க நினைத்ததையெல்லாம் கேட்காமலே தெரிந்துகொண்டவள். அந்தப் பக்கம் பிள்ளை ஏதோ பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஒத்தையில தூக்குற மாதிரி பாத்து வாங்குங்க," என்றாள். பிறகு குரலை இறக்கி, "இடுப்பு கிடுப்பு பிடிச்சுக்கிட்டா அங்கன பாக்க யாரு இருக்கா?"

கரிசனமாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சரி, வைக்கிறேன்," என்று வைத்துவிட்டு உள்ளே போய்ச் சின்னதைக் காட்டினார். கர்ணன் பில் புத்தகத்தை எடுத்தார்.

மறுநாள் காலையிலேயே பட்டறையின் இருட்டறையில் அதை வைத்து, ஆவணி முகூர்த்தப் பத்திரிகை ஒன்றுக்கு முதல் ஸ்கிரீன் போட்டார். விளக்கு தானாக எரிந்து தானாக அணைந்தது. எடுத்துக்கொண்டு போய், எழுத்து இருந்த இடத்து மருந்து கரைந்து போகத் தண்ணீர் பீய்ச்சினார். விஜயபாண்டி, சினேகா என்று இரண்டு பெயர்களும் கொம்பு, சுழி எதுவும் சிதையாமல் பளிச்சென்று திறந்தன. மாடியில் ஒருநாளும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் இல்லாமலே நன்றாக வருகிறதே என்று ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இரண்டாவது ஸ்கிரீனை வைத்து மூடிப் பொத்தானை அழுத்தினார். டைமர் டிக் டிக்கென்று ஓடியது. வேண்டாம் என்றாலும் வாய் சும்மா இருக்கவில்லை. தேனி, பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி, கோட்டூர்...

கரண்ட் போய்விட்டது. அந்த வருஷம் அது எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டைமரும் ஓய்ந்தது. திரும்ப வந்தால் மிஷினுக்கு எல்லாம் முதலிலிருந்துதான். இதுவரை எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது அதற்குத் தெரியாது. இருட்டறையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மூடியின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார். கண்ணாடி இன்னும் கதகதவென்று இருந்தது.

"வண்டி கோட்டூருல நிக்குது," என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் சத்தமாகச் சொன்னார்.

மாடித் தகரத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. கைக்குக் கீழே கண்ணாடி மெல்ல ஆறிக்கொண்டு வந்தது. கெளம்பிருச்சு என்ற சொல்லுக்காக, அவர் அசையாமல் காத்து நின்றார்.