போர்வைக்கு அடியில் யாரும் இல்லை

தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்று பூனை நடை நடப்பது நல்ல குணம்தான், பிள்ளைகளே. விடுதியின் மாடி அறையில் இருந்த பெண்ணுக்கு அந்தக் குணம் நிறையவே உண்டு. புதன்கிழமை காலை குளித்துவிட்டு வந்தவள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். எதிர்க்கட்டிலில் போர்வை மேடு கட்டிக் கிடந்தது. அவளுடைய அறைத்தோழி வெயில் ஏறுவதற்கு முன்னால் கண் விழித்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறைக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, தோழியின் அலமாரியைத் தடாலென்று திறந்தாள்.

“மெதுவாடி. தூங்குறா.”

“யாரு?”

அவள் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். பக்கத்து அறைக்காரி அவளையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போய், போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தாள். அடியில் ஒரு தலையணையும் சுருட்டிப்போட்ட துண்டும் கிடந்தன. அவ்வளவுதான்.

“திங்கக்கிழமையே ஊருக்குப் போயிட்டாளே. அவ அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துடுச்சு. நாங்கதான் பஸ் ஏத்தி விட்டோம். மாத்துத்துணி குடுத்தனுப்பலாம்னு வந்தேன். என்னடி, விளையாடுறியா நீ?”

மாடி அறைக்காரி குனிந்து அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தாள். இரண்டு ராத்திரி ஒரு துண்டுக்காக விளக்கைத் தாழ்த்தி வைத்துப் படித்திருக்கிறாள்.

அந்த இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. முதல் வருஷம் பெட்டியை இறக்கி வைத்த அன்றே தோழி போட்டது. “எனக்கும் சேத்து நீ படி. உனக்கும் சேத்து நான் ஊர் சுத்துறேன். ரெண்டும் கெடாது பாரு.” அப்படியேதான் நடந்தது. யார் பிறந்தநாளில் யார் கேக்கோடு வழுக்கி விழுந்தாள், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று தோழி ஊர் வம்பெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவாள். இவள் பரீட்சைக்கு முன்னால் பாடத்தையெல்லாம் சாறு பிழிந்து ஊட்டுவாள். தோழி அதை வைத்துக்கொண்டு வரப்பு மேல் நடக்கிறவள் மாதிரி தேறிவிடுவாள்.

கடைசி வருஷம் வந்ததும் இவளுக்குப் பயம் பிடித்தது. கதை கேட்க நேரம் இல்லை. யாராவது பின்னால் வந்து பேச்செடுத்தால், திரும்பாமலே இடது கையைத் தூக்குவாள். ‘அப்புறம்’ என்று அர்த்தம். அதற்கு விடுதியே ‘போலீஸ் கை’ என்று பேர் வைத்திருந்தது.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“முதல்ல உன்கிட்டதானே வந்தா.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திங்கட்கிழமை மத்தியானம் கதவு திறந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஜலதோஷம் என்று நினைத்தாள். “ஏய், இங்க பாரேன்” என்றது குரல். இவள் கையைத் தூக்கினாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. ‘பரவாயில்லை, இன்றைக்கு நச்சரிக்கவில்லையே’ என்று மனசுக்குள் நன்றிகூடச் சொன்னாள்.

பாவம், கெட்டவள் இல்லை, பிள்ளைகளே. அதனால்தான் புத்தகத்தை மூடி வைத்தாள்.

பரீட்சைக்காக அணைத்துப் பெட்டிக்கு அடியில் போட்டிருந்த போனைத் தேடி எடுத்தாள். தோழியைக் கூப்பிட்டாள்.

“அப்பா எப்படி இருக்கார்?”

“பேச்சு குழறுது. ஆனா ஆளைத் தெரியுது. உன் தம்பிக்குக் காய்ச்சல்னியே, விட்டுடுச்சா?”

தம்பியின் காய்ச்சலை அக்காக்காரியே மறந்துபோயிருந்தாள்.

“நீ வந்து நின்னப்ப நான்... கோபமாடி?”

“கோபம் என்ன கோபம். நீ படிக்கிறவ. ஒப்பந்தம் போட்டதே நான்தான்.” பின்னால் யாரோ மருந்துச்சீட்டு கேட்டார்கள், எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள் போலிருக்கிறது. “ஆனா வார்டன்கிட்ட ரூம் மாத்திக் கேட்டுட்டேன். பக்கத்து ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்குல்ல, அது.”

கேக்கோடு வழுக்கி விழுந்த கதையைச் சொன்ன அதே குரல். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். இதை எங்கே வாங்கி வைப்பது?

“ஏன்டி?”

“கூப்பிட்டா திரும்பிப் பாக்கிற ஆளுங்க கூட இருக்கணும்போல இருக்கு. வேற ஒண்ணும் இல்ல.”

“நான் வரட்டுமா?”

“வெள்ளிக்கிழமை உனக்குப் பரீட்சை.”

“எழுதிட்டு சனிக்கிழமை வரேன்.”

“எங்க ஊர் எதுன்னு தெரியுமா உனக்கு?”

தெரியாது. இத்தனை வருஷம் ஒரே அறையில் மூச்சு விட்டிருக்கிறாள், தெரியாது. அதை வாய்விட்டும் சொன்னாள்.

“அப்ப கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வா” என்றாள் தோழி. அதில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று பிடிபடுவதற்குள் போன் நின்றுவிட்டது.

பக்கத்து அறைக்காரி தன் அறைக் கட்டிலில் தோழியின் துணிகளைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் அந்த அறைக்குள் காலை வைத்தது அதுதான் முதல் தடவை. அனுமதி கேட்காமல் எதிரே உட்கார்ந்து, ஒரு சுடிதாரை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

“அவ ஊருக்கு எந்த பஸ்?”

“ஒரு பஸ் இல்ல, ரெண்டு மாறணும். அதிசயமா இருக்கே, போலீஸுக்கு நேரம் கெடச்சுதா?”

“சொல்லுடி. வழி மட்டும் இல்ல, எல்லாத்தையும் சொல்லு. அங்க போய் முட்டாள் மாதிரி நிக்கக் கூடாது. அவ அம்மா தனியா என்ன பண்றாங்க பாவம், துணைக்கு யாராச்சும் இருக்காங்களா?”

பக்கத்து அறைக்காரி மடிப்பதை நிறுத்தினாள். கேலியெல்லாம் முகத்திலிருந்து வடிந்துவிட்டது.

“அவளுக்கு அம்மா இல்லடி” என்றாள். “போன வருஷமே போயிட்டாங்க. செமஸ்டர் லீவுல.”