நின்ற இடத்தில் போட்ட கணக்கு

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஷூஹே. நடந்தது அவர் மனைவி கயாகோவுக்கு. சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கியோத்தோவில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கையை ஆட்டி ஆட்டி அவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கயாகோ மீனுக்குத் தொட்டுக்கொள்ள முள்ளங்கி துருவிக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கு எவ்வளவு வேண்டும்? முழு முள்ளங்கியும் தீரும்வரை அவள் கை நிற்கவில்லை. அதைப் பார்த்ததால்தான் எழுதுகிறேன். அவர் சொன்னது பாதி. மீதி என் ஊகம்.

(அவருக்கு மரியாதை விகுதி போட்டிருக்கிறேன், அவளுக்குப் போடவில்லை. கயாகோ தமிழ் வாசித்தால் இதற்கும் சேர்த்துப் பொறாமைப்படுவாள்.)

2

முதல் தொடக்கம்: "ஆறு வயதில், அப்பாவின் தோளில் உட்கார்ந்து வானத்தை—"

வேண்டாம். கயாகோ வானத்தைப் பார்ப்பதே அபூர்வம். அவளுடைய நட்சத்திரங்கள் தாளிலும் கணினியிலும் இருக்கின்றன.

இரண்டாவது தொடக்கம்: "கயாகோ பொறாமைக்காரி."

இது பரவாயில்லை. ஆனால் அவள் பிறவியிலேயே அப்படி என்று ஆகிவிடும். அது வந்த காலையிலிருந்து தொடங்குகிறேன்.

3

முதிர்ந்து பருத்த நட்சத்திரத்தின் நடுக்கரு, கணக்குப்படி தலைதெறிக்கச் சுழல வேண்டும். உண்மையில் மெதுவாகத்தான் சுழல்கிறது. எது பிடித்து நிறுத்துகிறது? கயாகோவுக்கு ஒன்பது வருடமாக இதுதான் வேலை. ஷூஹேயும் நட்சத்திரக்காரர்தான், ஆனால் அவர் ஆராய்வது நட்சத்திரங்களின் பிறப்பை.

அன்று பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார்: "ஏன் கயா, உள்ள இருக்கற காந்தப்புலம் முறுக்கி முறுக்கி ஒரு கட்டத்துல பிய்ச்சுக்கிட்டா, அதுவே பிரேக் போட்டுடாதா?"

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"அதெல்லாம் யோசிச்சாச்சு."

யோசித்திருக்கவில்லை.

சில நாட்களில் அவர் கணக்கை முடித்தார். விடை, அளந்த வேகத்தோடு கச்சிதமாக ஒட்டியது.

"கட்டுரைல ரெண்டு பேர் பேரையும் போடலாம். உன் கேள்விதானே?"

"என் கேள்வி, உன் பதில். உன் பேர்லயே போடு."

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்? சூப் ஆறுது, குடி."

அவர் திருடியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். போகிற இடமெல்லாம் "கேள்வி என் மனைவியோடது" என்று சொல்லிவந்தார். அந்தப் பெருந்தன்மைதான் அவளை வேகவைத்தது.

4

அவர் கணக்கை அவள் தனியே திரும்பப் போட்டாள். சரிபார்ப்பதற்காக என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். பொய். தவறு தேடுவதற்காக.

கிடைத்தது. நடுக்கருவைச் சுற்றிக் கனமான வாயு அடியிலும் லேசானது மேலுமாக அடுக்கி நிற்கும். அந்த அடுக்கு எந்தக் கலக்கத்தையும் அமுக்கிவிடும். ஷூஹே அதை மறந்துவிட்டார். சேர்த்தால் பிரேக் பிடிக்காது. பிறப்பையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முதுமை பழக்கமில்லை.

அவள் அதோடு விடவில்லை. வாரக்கணக்கில் மல்லுக்கட்டி, அடுக்கை மீறியும் பிரேக் பிடிக்கும் வழியைக் கண்டுபிடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அவர் இந்தக் கணக்கைப் பற்றிப் பேசவிருந்த செந்தாய் நகர மாநாட்டுக்கு இருவரும் ரயிலில் போகும்போது, அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த முட்டைச்சுருளை எடுத்து அவள் பெட்டியில் வைத்தார். அவளுக்குப் பிடிக்கும்.

"ஷூஹே."

"ம்?"

"...காலர் மடங்கியிருக்கு பாரு."

5

அரங்கில், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் எழுந்தாள். "மன்னிக்கணும், அடுக்கு இருக்கற எடத்துல இது எப்படிங்க நடக்கும்?"

ஷூஹே வாயைத் திறந்தார். மூடினார். காது சிவந்தது.

இதைப் பார்க்கத்தான் கயாகோ வந்திருந்தாள். கண்குளிரப் பார்த்தாளா? கொஞ்ச நேரம் பார்த்தாள் என்றே நினைக்கிறேன். பிறகு அவர் கண்கள் கூட்டத்துக்குள் அவளைத் தேடின, வீட்டில் உப்பு டப்பாவைக் காணாமல் தேடுகிற மாதிரி. அவள் எழுந்துவிட்டாள். மேடையேறி, ஒரு வரியைக்கூட அழிக்காமல், பலகையில் தீர்வு முழுவதையும் எழுதினாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று. அந்தக் கட்டுரை இப்போது இருவர் பெயரிலும் இருக்கிறது. அவள் பெயர் முதலில்.

ஷூஹே சொல்லும் கதை இங்கே முடிகிறது. "நின்ன எடத்துல, மனசுக்குள்ளயே போட்டுட்டா! என்ன மூளைங்க அது! எனக்கே பொறாமையா இருக்கு, போங்க!"

6

நின்ற இடத்தில் அந்தக் கணக்கைப் போட முடியாது. கணக்கு வராத எனக்கே அது தெரிகிறது. அவருக்குத் தெரியாதா?

முடிவு அ: தெரியாது. வெகுளியாகப் பெருமைப்படுகிறார்.

முடிவு ஆ: தெரியும். விருந்தாளிகள் முன்னால், அவளை வைத்துக்கொண்டே சொல்வதுதான் அவர் தரும் தண்டனை.

முடிவு இ: தெரியும், ஆனால் அவர் அன்றைக்கே மன்னித்து—

(இதை முடிக்க வரவில்லை.)

கயாகோ என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தாள்.

"இதை எழுதுவீங்களா?"

"எழுதட்டுமா?"

"எழுதினா, அவருக்குத் தெரியும்னு எழுதுங்க."

"நிஜமாவே தெரியுமா?"

"தெரியாதுங்க. கேட்டதில்ல." செருப்பு அடுக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவர் நெசமாவே ஒண்ணும் தெரியாத நல்லவரா இருந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? கணக்குல தோத்தது போதும். மனசுலயும் தோக்கணுமா?"

நான் தலைகுனிந்து விடைபெற்றேன்.

மூன்று முடிவும் மேலே இருக்கின்றன. இரண்டை நீங்களே அடித்துவிடுங்கள். எதை விட்டுவைத்தீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். கயாகோவுக்குச் சொல்லவே வேண்டாம்.