சுவர்ப் பக்கம் சிவப்பு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரு ரம்ப வெட்டு மட்டும்தான். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் மழைக்கு ஒதுங்க ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தேன். உள்ளே மாதிரி ரயில் கண்காட்சி. மலையேறும் ரயிலைத் தவிர வேறு ரயிலே இல்லாத ஊர் இது. ரயில் பிடிக்க ஃபெர்ரி ஏறி அக்கரையில் பட்டர்வொர்த்துக்குப் போக வேண்டும். இங்கே வந்து மேசை மேல் ரயில் விடுகிறார்களே என்று வேடிக்கை பார்த்தேன். பட்டர்வொர்த்திலிருந்து நிபோங் திபால் வரையுள்ள பாதையைக் காட்டும் ஒரு நீளப் பலகை. நடுவில், செம்பனைத் தோட்டத்தின் குறுக்கே, யாரோ அறுத்துப் பிறகு சேர்த்த தடம். ஏன் என்று கேட்டேன். பதில் சொல்ல யாருக்கும் மனமில்லை. அதனால் மீதியை நானே இட்டுக்கட்ட வேண்டியதாயிற்று.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மழை மேகங்கள் பினாங்குப் பாலத்தின் மேல் கவிந்து, நவோமியின் மனத்தைப் போலவே..."

(வேண்டாம். மழை என் பிரச்சினை. நவோமியின் பிரச்சினை அவள் அண்ணன்.)

இரண்டாவது முயற்சி: நவோமியும் அவள் அண்ணன் மேத்யூவும் பேச்சை நிறுத்தி நான்கு வருஷம் ஆகிறது.

இது பரவாயில்லை. இப்படியே போகிறேன். நவோமிக்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை; மேத்யூவுக்கு மாக் மண்டினில் ஒரு பட்டறையில். பெற்றோர் காலமான பிறகு, பட்டர்வொர்த் வீட்டுக் கூடத்தில் இருவரும் சேர்ந்து கட்டியதுதான் இந்த ரயில் பாதை. மரச்சட்டம், தண்டவாளம், மின்கம்பி அவன் பொறுப்பு. மலையும் மண்ணும் மரமும் அவள் பொறுப்பு. நுரைப்பலகையைச் செதுக்கிக் குன்று செய்வாள். அசல் செம்மண்ணைச் சலித்துத் தூவுவாள். வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, மேலே தெளிப்பாள். அந்தச் சொட்டு இல்லையென்றால் பசை மண்ணுக்குள் இறங்காமல் உருண்டு நிற்கும்.*

* எழுதுவதற்காக வீட்டில் செய்து பார்த்தேன். சோப்பு அதிகமாகிவிட்டது. நிபோங் திபால் நுரைத்தது.

பிறகு அவள் லோகேஸ்வரனைக் காதலித்துக் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டாள். தேவாலயத்தில் நடக்காத கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று மேத்யூ சொன்னான். சொன்னதோடு நிற்கவில்லை. பலகையை நடுவில் அறுத்து, அவள் பங்கை லோரியில் ஏற்றி அனுப்பிவைத்தான். அண்ணன் செய்த சீர் அதுதான்.

3

(லோகேஸ்வரனை என்ன செய்வது? நல்ல மனிதன். ஆனால் அவன் மண்டபத்துக்குள் வந்தால் மேத்யூ வாயே திறக்கமாட்டான். என் கதை அங்கேயே படுத்துவிடும். ஆகவே அவன் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறான். ஜார்ஜ் டவுனில், சனிக்கிழமை காலையில். யாருக்கும் சந்தேகம் வராது.)

இன்னொருவன் தேவை: அக்மல். மாதிரி ரயில் சங்கத்தின் செயலாளர், நன்றாகத் தமிழ் பேசும் பினாங்கு முஸ்லிம். கண்காட்சியில் இரண்டு பாதியையும் சேர்த்து வைப்போமா என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டவன் அவன். இருவரும் சரி என்றது அவனுக்கே ஆச்சரியம்.

நவோமி சரி என்றதற்குக் காரணம் உண்டு. மேத்யூ அடுத்த மாதம் தெற்குக் கோடியில் ஜொகூருக்குக் குடிபோகிறான் என்று கேள்விப்பட்டிருந்தாள். இப்போது பேசாவிட்டால் இனி எப்போதும் பேசப்போவதில்லை என்று பயந்தாள். பயம்தான், வேறு நாகரிகமான சொல் தேட வேண்டியதில்லை.

4

தண்டவாளங்கள் அச்சாகப் பொருந்தின. பலகைகளுக்கு அடியில் கம்பிகளைச் சேர்த்தார்கள்: சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. அக்மல் சுவிட்சைப் போட்டான். மின்சாரம் கொடுக்கும் கருவி 'பீ' என்று கத்திவிட்டு நின்றது. ஷார்ட் சர்க்யூட்.

"அக்மல், வயர என்னா பண்ணி வெச்சிருக்காங்கன்னு அவங்களக் கேளு," என்றான் மேத்யூ. 'அவங்க' கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தாள்.

"நான் ஒன்னும் பண்ணலன்னு சொல்லு, அக்மல்."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுலா! பத்து மணிக்குக் கதவு தொறக்கணும். சரியாவலன்னா போர்ட பிரிச்சு ஆளுக்கொரு மேசையில போட்டுருவேன்."

மறுபடியும் பிரிப்பதா? நவோமி இரு பலகைகளும் சேரும் இடத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

மேத்யூ மீட்டரை வைத்துப் பார்த்தான். "அவங்க பக்கம் எல்லாம் தலகீழா இருக்கு. முன் தண்டவாளத்துல செவப்பு."

"சுவத்துப் பக்கம் செவப்பு!" நவோமி அவனிடமே நேராகச் சொல்லிவிட்டாள். "பழசக் கழட்டிட்டுப் புதுசா வயர் இழுத்தப்பகூட நான் அத மாத்தல."

கூடத்தில் பலகை சுவரை ஒட்டி நின்றதால் அண்ணனும் தங்கையும் வகுத்துக்கொண்ட விதி அது. சுவர்ப் பக்கத் தண்டவாளத்துக்குச் சிவப்புக் கம்பி, ஆள் நிற்கும் பக்கத்துக்குக் கறுப்பு. ரயில் கட்டும் வேறு யாரும் இப்படி ஒரு விதி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

"நானும் மாத்தல," என்றான் மேத்யூ. பலகையின் முன்னும் பின்னும் எட்டிப் பார்த்தான். "உன் வீட்டுல போர்டு எந்தச் சுவத்துல நிக்குது?"

"எதிர்ச் சுவத்துல. இந்தப் பக்கம் சன்னலு." அதோடு நிறுத்தியிருக்கலாம், அவளால் முடியவில்லை. "வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

கோளாறு அவ்வளவுதான். அவள் வீட்டில் பலகையின் மறுபுறம் சுவராகிவிட்டது. அதே விதிப்படி இழுத்த சிவப்பு மற்றத் தண்டவாளத்துக்குப் போய்விட்டது. விதியை மீறியிருந்தால் ஷார்ட் ஆகியிருக்காது.

5

தீர்வு சுலபம். யாராவது ஒருவர் தன் பலகைக்கு அடியில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் போதும்.

முடிவு அ: மேத்யூ மாற்றுகிறான். எழுதி, அடித்துவிட்டேன். நான்கு வருஷ வீம்பு இரண்டு திருகாணியோடு கழன்று வந்தது என்றால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

முடிவு ஆ: நவோமி மாற்றுகிறாள். எப்பவும் தங்கச்சிதான் இறங்கி வரணுமா என்று அவளே என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

முடிவு இ: அக்மல் மாற்றுகிறான். ரயில் ஓடும். ஆனால் கதை

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.)

நடந்திருக்கும் என்று நான் நம்புவது வேறு. இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமலே அவரவர் பலகைக்கு அடியில் குனிந்தார்கள். நிமிர்ந்தார்கள். அக்மல் சுவிட்சைப் போட்டான்.

பீ.

"ரெண்டு பேருமா மாத்துனீங்க?" அக்மல் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒருத்தர் மாத்துனா போதும்லா!"

நவோமிக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. அண்ணன் குனிவான் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

6

"நீங்க மாத்துனது அப்படியே இருக்கட்டும்ண்ணே," என்றாள். "நான் என்னோடத பழையபடி வெச்சிர்றேன்."

வைத்தாள். இந்த முறை கருவி கத்தவில்லை. ரயில் வெட்டுத் தடத்தைத் தாண்டி அவள் பாதிக்குள் வந்தது. மேத்யூ அதை நிபோங் திபால் வரை பார்த்துக்கொண்டே இருந்தான். நவோமி மண் படிந்த கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜொகூர் போறதுக்கு முந்தி ஒரு நாளு வீட்டுக்கு வாங்க. அவரும் இருப்பாரு. சாப்பிட்டுட்டுப் போலாம்."

இங்கே மேத்யூ பதில் சொல்ல வேண்டும். 'வர்றேன்' என்று எழுதினேன், பொய்யாக இருந்தது. 'பாக்கலாம்' என்று எழுதினேன். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் வரமாட்டேன் என்பது. 'வரமாட்டேன்' என்றே எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை, யாருக்கும் அண்ணன் இல்லை. நீங்கள் யாருக்காவது அண்ணனாக இருந்தால் அந்த ஒரு வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். அவள் கேட்டுவிட்டு நிற்கிறாள்.